வெண்கொற்றக் குடையும் கம்மங்கூழ் வண்டியும்

குடைன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மழை, பஸ் ஸ்டாப், ஒரே குடைக்குள் ரெண்டு பேர்... சினிமா பார்த்தே கெட்டுப்போன கூட்டம் பாஸ் நாம! எனக்கு இப்பல்லாம் குடைன்னா எட்டுக் கம்பி, 22 அடி ஃப்ரில், ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிம்... இதுதான் ஞாபகம் வருது. மெக்கானிக்கல் மூணாம் வருஷம் படிக்கிற பையன் கையில் ஊசியும் நூலும் எப்படி வந்துச்சுன்னுதானே கேக்குறீங்க? சொல்றேன்.

திண்டுக்கல் நத்தம் ரோட்டோரம் எங்க அத்தை கம்மங்கூழ் வண்டி போட்டிருக்காங்க. மாமாவுக்கு முழங்கால் தேய்ஞ்சு வேலைக்குப் போறது நின்னதிலிருந்து, வீட்டு வாடகை தொடங்கி பொண்ணோட காலேஜ் ஃபீஸ் வரை எல்லாமே அந்த மண்பானைக்குள்ளிருந்துதான் வரணும். பங்குனியில் ஆரம்பிச்சு கத்திரி முடியிற வரைக்கும்தான் சீஸன். அந்த மூணு மாசத்தில் சேர்த்தால்தான் ஜூன் மாச ஃபீஸ். சேராவிட்டால், தண்டலுக்குக் கடன் கொடுக்கிறவர் வாசலில் வந்து நிற்பார்.

போன வருஷம், மாசிக் கடைசியில் பழைய குடை கிழிஞ்சுபோச்சு. எங்க ஊர் வெயில் தெரியும்ல? மலைக்கோட்டைப் பாறை ராத்திரியிலும் அனல் மூச்சு விடும். குடை இல்லாமல் ஒருநாள்கூட ஓட்ட முடியாது. அந்த நேரம் பார்த்து ஒரு குளிர்பானக் கம்பெனி ஏஜென்ட் வந்தார். "குடை ஃப்ரீயாவே தர்றோம்க்கா, எங்க பாட்டிலையும் நாலு வெச்சுக்கங்க" என்றார். அத்தை யோசிக்கவே இல்லை. "நான் விக்கிறது கூழு. என் தலைக்கு மேல கலர் பேரு எதுக்குத் தம்பி?" அவ்வளவுதான்... ஆள் கிளம்பிட்டார்.

கெத்தெல்லாம் சரி, குடைக்கு எங்கே போறது? கடையில் விளம்பரம் அச்சடிக்கிறதுக்காக வாங்கி வெச்சிருந்த ஏழடிக் குடை ஒண்ணு 1,100 ரூபாய்க்குக் கிடைச்சது. வெள்ளைவெளேர்னு, ஒரு புள்ளிகூட இல்லாமல்! எதிர் வரிசையில் கலர் கலரா குடைகள் கண்ணடிக்க, அத்தை குடை மட்டும் வெறுமனே நின்னுச்சு. பைக்கில் போறவங்க அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "எழவு வீட்டுப் பந்தல் மாதிரி இருக்கு"ன்னு மாமா வேற எரிகிற தீயில் எண்ணெய் ஊத்தினார்.

"மருமகனே, இஞ்சினியருக்குத்தானே படிக்கிறே? இதை ஏதாச்சும் பண்ணு. ஆனா ஐந்நூறுக்கு மேல ஒரு பைசா கிடையாது!" - ஆர்டர் போட்டாச்சு. எங்க மினி புராஜெக்ட் பட்ஜெட்டைவிடக் கம்மி!

குடையை அலங்கரிக்கிறது நம்ம ஊருக்குப் புதுசா என்ன? வருஷா வருஷம் புரட்டாசியில் திருமலை பிரம்மோற்சவத்துக்காக சென்னை பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயிலில் இருந்து திருக்குடைகள் ஊர்வலமாகக் கிளம்பும். மூங்கிலும் பட்டும் சேர்ந்த பிரமாண்டம். யானைக்கவுனியில் கூட்டம் தள்ளும். ஒடிசாவில் பூரிக்குப் போகும் வழியில் பிப்பிலின்னு ஒரு ஊர். கலர் துணிகளைப் பூவாகவும் யானையாகவும் வெட்டி, இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கிறதுதான் அந்த ஊர் வேலை. ஜெகந்நாதர் கோயிலுக்கு விதானமும் குடையும் செய்த அதே கைகள், இன்று தோட்டத்தில் வைக்கிற பெரிய குடைகளையும் செய்கின்றன. சாமிக்குச் செய்ததைக் கொஞ்சம் மாற்றி மனுஷனுக்கும் செய்யலாம்னு அவங்க காட்டிட்டாங்க.

பட்டுக்கு நான் எங்கே போவேன்? ஆனால், மதுரை ரோட்டில் சின்னாளபட்டி இருக்கே! சுங்குடிச் சேலைக்குப் பேர்போன ஊர். துணியைச் சின்னச் சின்ன முடிச்சாக நூலால் கட்டிச் சாயத்தில் முக்கி எடுத்தால், முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்துப் பார்த்தால் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு போட்ட பொம்பளைங்க இருந்த தொழில் அது. மதுரை சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடே கிடைச்சது. இப்போ மெழுகு அச்சிலும் ஸ்க்ரீன் பிரின்ட்டிலும் வருவதுதான் அதிகம். சாயம் திட்டாகிப்போன சேலை ஒண்ணு, அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி... 180 ரூபாய்க்கு மடக்கிட்டேன்.

இனிமேதான் கணக்கு! குடை முழுக்கத் துணி போர்த்தினால் என்ன ஆகும்? பருத்தி தண்ணியைக் குடிக்கும். மழை பெய்தால் குடை கனத்துக் கம்பி வளையும். அதனால் ஓரத்தில் மட்டும் ஃப்ரில். ஏழடி விட்டத்துக்குச் சுற்றளவு 22 அடி. பத்தாங்கிளாஸில் படிச்ச 22/7 வாழ்க்கையில் முதல் தடவையா சம்பளம் கொடுத்துச்சு! உண்மையில் எட்டுக் கம்பிக்கு நடுவே துணி நேராக ஓடுவதால் கொஞ்சம் குறையும். சுருக்கம் வைக்க ஒண்ணரை மடங்கு, அதாவது 33 அடி வேணும். சேலை நீளம் 18 அடி. நீளவாக்கில் ஒன்பது அங்குலப் பட்டை ரெண்டு வெட்டினால் 36 அடி. மேட்டர் ஓவர். மீதி 27 அங்குல அகலத்துக்கு முழுச் சேலை நீளமும் கையில் இருக்கு. அது வண்டி முன்னாடி திரை.

ஒரு டிப்ஸ்: புதுச் சுங்குடியை அப்படியே வெள்ளைக் குடையில் மாட்டிடாதீங்க. முதல் மழையில் குடை ரோஸ் கலராகிடும். தண்ணி தெளிவா வடியுற வரைக்கும் நாலைஞ்சு தடவை அலசிட்டுத்தான் தைக்கணும். தையல் மிஷின் வேலை எங்க அம்மாவுடையது. நான் கையால் தைச்சது நாடா. கம்பி நுனிகளில் எட்டு, நடுவில் எட்டு, மொத்தம் பதினாறு இடத்தில் நாடா வெச்சுக் கட்டினோம். ஏன் நாடா? கூழ் தெறிச்சால் கழற்றித் துவைக்கலாம். இன்னொண்ணு, காற்று. காற்று வேகம் ரெண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நாலு மடங்காகும். ஆடிக் காத்தில் அம்மியே பறக்கும்னா, ஃப்ரில் வெச்ச குடை எம்மாத்திரம்? ஆடி பிறக்கும் முன்னாடி நாடாவை ஒரே இழுப்பில் அவிழ்த்துக்கலாம்.

அடுத்து, பேர். "கம்பெனி பேரு வேணாம்னு சொன்னீங்கள்ல, உங்க பேரையே எழுதிடலாம் அத்தை"ன்னேன். அவங்க பேர் அதுவரைக்கும் ரேஷன் கார்டையும் வங்கிப் பாஸ்புக்கையும் தாண்டி எங்கேயும் எழுதப்பட்டதில்லை. "போடா, ஊரே சிரிக்கும்"னாங்க. ஆனால் வேண்டாம்னு சொல்லலை!

ஸ்டென்சிலுக்குக் காசு கொடுத்து அட்டை வாங்கணுமா? மாமா முழங்கால் எக்ஸ்ரே பீரோ மேல கிடந்துச்சு. நல்ல கெட்டி ஃபிலிம், ஈரம் பட்டாலும் ஊறாது. அதில் எழுத்தை வரைஞ்சு பிளேடால் வெட்டினேன். தமிழ் எழுத்தில் வட்டம் மூடுற இடமெல்லாம் நடுத்துண்டு கழன்று விழுந்திடும். 'கூழ்'னு எழுதிப் பாருங்க, தெரியும். அங்கங்கே சின்னப் பாலம் விட்டு வெட்டணும். துணிக்கு அடிக்கிற பெயின்ட்டை ஸ்பான்ஜால் ஒத்தி ஒத்தி எடுத்தேன். வழக்கமா அயர்ன் பண்ணித்தான் அந்த பெயின்ட்டைப் பிடிக்க வைப்பாங்க. குடைத் துணி செயற்கை நூல், சூடு பட்டால் சுருங்கிடும். அதனால் ரெண்டு நாள் நிழலில் காய விட்டோம். முழங்கால் எலும்பு வழியே மாமாவே தன் சம்சாரத்தின் பேரைப் படிச்சுட்டு, ஒண்ணும் பேசாமல் உள்ளே போயிட்டார்.

செலவு? சேலை 180, நூல் நாடா 40, பெயின்ட் 90, ஸ்பான்ஜ் 10. ஆக 320. மீதி 180 ரூபாயில் பிரியாணி சாப்பிடலாம்னு கனவு கண்டேன். "கணக்குன்னா கணக்கு"ன்னு அத்தை கையை நீட்டிட்டாங்க!

அதுக்கப்புறம் கூட்டம் அலைமோதுச்சுன்னெல்லாம் ரீல் விட மாட்டேன். ஆனால், பைக்குகள் நின்னுச்சு. கூழ் குடிக்க வந்த அக்காக்கள், "இது எந்தக் கடைச் சேலை?"ன்னு விசாரிச்சாங்க. ஃப்ரில் தொங்குற எட்டங்குலத்தில் சாயங்காலச் சாய்வெயில்கூடக் கொஞ்சம் மறைஞ்சது. முக்கியமா, ஃபோனில் வழி சொல்றவங்க வாயில், "நத்தம் ரோட்டுல சுங்குடிக் குடை இருக்குல்ல, அங்க வந்துடு"ன்னு அது ஒரு அட்ரஸ் ஆயிடுச்சு. அந்த ஜூனில் ஃபீஸ் கட்டியாச்சு. தண்டல்காரர் வாசலுக்கு வரலை. குடையால் மட்டும் நடந்துச்சுன்னு சொல்லலை. விடியக்காலை எழுந்து கம்பு இடிச்ச கைக்கு அதில் முக்கால் பங்கு.

புறநானூற்றில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனைப் பார்த்து ஒரு விஷயம் சொல்வார். ராஜாவோட வெண்கொற்றக் குடை வெயிலை மறைக்கப் பிடிச்சது இல்லை, கஷ்டப்படுற குடிமக்களுக்கு நிழலாகப் பிடிச்சதுன்னு அர்த்தம் வரும். வரி பாக்கிக்காகப் பாடின பாட்டு அது. எங்க அத்தை குடையும் வெள்ளைதான். அதுக்குக் கீழே கொத்தனார், கொரியர் பையன், பூ மார்க்கெட்டுக்குப் போற பாட்டி எல்லாரும் பத்து நிமிஷம் நின்னு, ஒரு சொம்புக் கூழும் மோர்மிளகாயுமா மூச்சு வாங்கிட்டுப் போறாங்க. ராஜா குடை இதைவிட என்ன பெருசா செஞ்சிடப் போகுது?

கடைசியா ஒண்ணு. இந்தக் கட்டுரையில் அத்தை பேரைப் போடலாமான்னு கேட்டேன். "அதெல்லாம் வேணாம். யாருக்குத் தெரியணுமோ அவங்க வந்து குடையில படிச்சுக்கட்டும். வர்றப்ப ஒரு சொம்பு கூழும் குடிக்கச் சொல்லு!"