எல்கேஜிக்கு எந்த போர்டு?

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடி அலைகிறேன் என்றால், சாரல் காலத்துக் குற்றாலத்தில் நின்று குளிக்கத் தண்ணீர் கேட்கிறவளைப் போலத்தான் பார்ப்பார்கள். மிஷனரிமார் காலத்திலிருந்தே பள்ளிகள் மலிந்த ஊர். 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு' என்று எப்போதோ கிடைத்த பட்டத்தை இன்றைக்கும் விடாமல் சொல்லிக்கொள்கிறோம். காலையில் தெருமுனையில் நின்றால் சீருடை நிறத்தை வைத்தே எந்தப் பிள்ளை எந்தப் பள்ளி என்று சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட ஊரில், மகனுக்கு மூன்று வயது முடியப்போகிற நேரத்தில் எங்கள் வீட்டில் தூக்கம் போனது.

எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "எந்த போர்டு?" சென்னையிலிருந்து மதினி போன் போட்டுக் கேட்டாள். பால்காரர் கேட்டார். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை, அவர் முடிவே செய்துவிட்டார். சிபிஎஸ்இ. ஏனென்றால் நீட். பையனுக்கு அப்போது செருப்பைக் கால் மாற்றாமல் போடக்கூட வரவில்லை.

அம்மா மட்டும் போர்டைப் பற்றிக் கேட்கவில்லை. அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஒண்ணாப்பு டீச்சராகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். "போர்டு கெடக்கட்டும்ட்டி. கக்கூஸ் எங்க இருக்குன்னு பாத்தியா? வகுப்புல இருந்து எத்தன அடி நடக்கணும்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஒவ்வொரு பள்ளியாகப் போய்ப் பார்க்கும்போதுதான் அது எவ்வளவு கனமான கேள்வி என்று தெரிந்தது. தரைத்தளத்தில் வரவேற்பறையும் கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரியும், எல்கேஜி முதல் மாடியில், கழிப்பறை வராந்தாவின் மறுகோடியில் என்று கட்டியிருக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு 'வருது' என்று சொல்வதற்கும் வந்துவிடுவதற்கும் இடையே அவ்வளவு நேரம் இல்லை.

மாடிப்படியைப் பார்த்தால் எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். 2004 ஜூலை 16, கும்பகோணம். சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீ கூரைக்குத் தாவி, மேலே இருந்த 94 குழந்தைகள் போனார்கள். ஒரே கட்டடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் இயங்கியதும், படிக்கட்டு குறுகலாக இருந்ததும் அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. இன்று கூரைக் கொட்டகைகள் போய்விட்டன. ஆனாலும் சின்னப் பிள்ளைகள் எந்த மாடியில், இறங்கும் வழி எத்தனை என்று பார்ப்பதை நான் விடவில்லை. சேர்க்கைக்கு வந்தவர்களில் அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான் என்று ஒரு முதல்வர் சொன்னார். பாராட்டினாரா, சலித்துக்கொண்டாரா என்று புரியவில்லை.

போர்டு விஷயத்துக்கு வருகிறேன். எல்கேஜிக்கு வாரியத் தேர்வு என்று ஒன்றும் இல்லை. சிபிஎஸ்இ தேர்வு வைப்பது பத்திலும் பன்னிரண்டிலும். என்சிஇஆர்டியின் பாடப்புத்தக வரிசை ஒன்றாம் வகுப்பில் தொடங்குகிறது. 'சிபிஎஸ்இ எல்கேஜி' என்று பையில் போட்டுக் கொடுக்கும் புத்தகங்கள் பெரும்பாலும் தனியார் பதிப்பகத்தார் அச்சடித்தவை. மெட்ரிக் கதை இன்னும் வேடிக்கை. சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்கள் நடத்திய மெட்ரிகுலேஷன் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்த பள்ளிகள் அவை. 1970களின் பிற்பகுதியில் மாநில அரசின் கைக்கு வந்தன. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நாலாகக் கிடந்ததை 2010இல் வந்த சமச்சீர் கல்விச் சட்டம் ஒன்றாக்கியது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் அதை நிறுத்தப் பார்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2011 ஆகஸ்ட் 9 அன்று தீர்ப்பு வந்தது. அதுவரை பெரும்பாலான வகுப்புகளில் பிள்ளைகள் பாடப்புத்தகம் இல்லாமலே உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அந்த இரண்டு மாதத்தைத் தன் வேலைக்காலத்திலேயே நல்ல மாதங்கள் என்பாள். கதை சொல்லியே ஓட்டினாளாம்.

ஆக, இன்று மெட்ரிக் பள்ளிப் பிள்ளையும் மாநகராட்சிப் பள்ளியின் ஆங்கில வழிப் பிள்ளையும் பிரிப்பது ஒரே பாடப்புத்தகத்தைத்தான். பெயர்ப்பலகையில் 'மெட்ரிக்' மிஞ்சியிருக்கிறது. அதற்குரிய தனிப் பாடத்திட்டம் மிஞ்சவில்லை. இதை வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "அதான் சிபிஎஸ்இங்கேன்" என்றார். பதில் சொல்ல முடியாத வாதம்.

அவர் மனம் நோகக் கூடாது என்று ஒரு சிபிஎஸ்இ பள்ளிக்கும் போனோம். 'இன்டராக்‌ஷன்' என்று தேதி கொடுத்தார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டக் கூடாது என்கிறது. அதனால் யாரும் 'இன்டர்வியூ' என்று சொல்வதில்லை. விண்ணப்பத்தில் அப்பா, அம்மா படிப்பு, வேலை, ஆண்டு வருமானம் எல்லாம் கேட்டிருந்தது. பையன் முன்னால் ஒரு தாளையும் கிரேயானையும் வைத்து, வட்டத்துக்குள் வண்ணம் தீட்டச் சொன்னார்கள். அவன் கிரேயானைச் சுற்றி ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் கீறி, மெதுவாக, கிழியாமல் முழுசாக உரித்தெடுத்தான். பிறகு அதைத் திரும்பச் சுற்றிப் பார்த்தான். ஒட்டவில்லை. நாக்கால் ஈரப்படுத்தி மறுபடி சுற்றினான். அந்த அறையில் அவ்வளவு நேரம் ஒரே வேலையில் கவனமாக இருந்தது அவன் ஒருவன்தான். எதிரே இருந்தவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். வட்டம் வெள்ளையாகவே இருந்தது.

அந்தக் கிரேயானை இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள். மூன்று வயதில் அவற்றில் பாதிக்கு மேல் இன்னும் குருத்தெலும்புதான். அந்தக் கைக்கு உரிக்கவும் உருட்டவும் அள்ளிக் கொட்டவும் வரும், நாலு கோடு நோட்டில் ஒரு பக்கம் நிறைய எழுத வராது. இதை நன்றாக அறிந்த ஒரு அம்மையார் நம் பக்கத்திலேயே வந்து வாழ்ந்திருக்கிறார். மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு வந்தார். சொசைட்டியின் தலைவர் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைத்து, பயிற்சி வகுப்பு நடத்த வந்தவர். இத்தாலி போரில் இறங்கியதும் எதிரி நாட்டவர் ஆகி, ஊர் திரும்ப முடியாமல் போனார். போர் முடியும்வரை அடையாற்றிலும் கொடைக்கானலிலுமாக ஆசிரியர்களைப் பழக்கிக்கொண்டிருந்தார். 1946இல்தான் ஐரோப்பாவுக்குப் போனார். மூன்று வயதிலிருந்து ஆறு வயதுவரை ஒரே அறை, ஒவ்வொரு சாதனத்திலும் ஒன்றே ஒன்று, அடுத்த பிள்ளை முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த முறையின் உயிர்.

இப்போது ஊரில் 'மாண்டிசோரி' என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்கிறார்கள். நான் பார்த்த ஒன்றில் இளஞ்சிவப்புக் கோபுரக் கட்டைகள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருந்தன. "பசங்க ஒடச்சிருவாங்க மேடம்." உண்மையாகவே அந்த முறையில் நடக்கும் பள்ளிகளும் உண்டு. அங்கே கட்டணம் எங்கள் கைக்கு எட்டாதது, அதோடு தூரம்.

அம்மாவுக்கு மாண்டிசோரி பெயர் பயிற்சிக் காலத்தில் படித்ததோடு சரி. ஆனால் அந்தக் காற்று சுற்றி வளைத்து அவள் வகுப்புக்கும் வந்தது. ஆந்திரத்து ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளி உருவாக்கிய அட்டைகளைப் பார்த்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கினார்கள். நான்கைந்து ஆண்டுகளில் மாநிலம் முழுக்க வந்தது. டீச்சருக்கு நாற்காலி கிடையாது, பாயில் வட்டமாக உட்கார வேண்டும். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளுக்கென்று தாழ்வாகக் கரும்பலகை. யானை, அணில் என்று சின்னம் போட்ட அட்டைகள், எந்தப் பிள்ளை எந்த ஏணிப்படியில் நிற்கிறது என்று காட்டும் தாள். "முட்டிதான் போச்சு. ஆனா பிள்ளைங்க பயப்படாம பக்கத்துல வந்துச்சு" என்பாள். அப்போது என் தோழிகள் பலரும் 'அரசுப் பள்ளியில தரையில உக்கார வைக்காங்க' என்று பிள்ளைகளை நர்சரிக்கு மாற்றினார்கள். அதே தோழிகளில் ஒருத்தி இன்று, தரையில் உட்கார வைப்பதற்கென்றே லட்சம் கட்டும் பள்ளியில் மகளைச் சேர்த்திருக்கிறாள்.

அரசுப் பள்ளியை நானும் யோசித்தேன். 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். எங்கள் பக்கத்தில் நடந்துபோகும் தூரத்தில் அப்படி ஒன்று இல்லை. தனியார் பள்ளிகளில் 25 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே என்று வீட்டு வேலைக்கு வரும் அக்கா தன் பேரனுக்காகக் கேட்டார். சேர்ந்து தேடினோம். ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், விண்ணப்பம் கூடுதலாக வந்தால் குலுக்கல். இதில் பாளையங்கோட்டைக்கு மட்டும் ஒரு சிக்கல்: ஊரின் பழைய, பெயர்பெற்ற பள்ளிகள் பெரும்பாலும் சிறுபான்மையினர் நடத்துபவை. அவற்றைக் கல்வி உரிமைச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டின் வாசல் அந்த அக்காவுக்கு அப்படியே மூடிக்கொண்டது.

தூரம் தூரம் என்று நான் சொல்வதை வீட்டுக்காரர் சோம்பேறித்தனம் என்றுதான் முதலில் நினைத்தார். அவர் பார்த்து வைத்த பள்ளியின் வேன் எங்கள் தெருவுக்கு 7.10க்கு வரும். அப்படியென்றால் ஆறுக்கு எழுப்ப வேண்டும். ஆறரைக்கு, இன்னும் வயிறு விழிக்காத பிள்ளையின் வாயில் இட்லியைத் திணிக்க வேண்டும். வேன் ஊரெல்லாம் சுற்றி முக்கால் மணி நேரம் கழித்துப் போய்ச் சேரும். 2012இல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு, பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. உதவியாளர் கட்டாயம் இருக்க வேண்டும். எங்கள் தெருவுக்கு வரும் வேனில் உதவியாளர் உண்டுதான், பாதி வழியில் ஏறுகிறார். மாலையில் அந்த வேனின் ஜன்னலைப் பார்த்திருக்கிறேன். கம்பியில் தலை சாய்ந்து, வாய் திறந்து, வரிசையாகத் தூங்கிக்கொண்டு வருவார்கள். என்ன பாடத்திட்டமாக இருந்தால் என்ன, வீடு வந்து சேரும்போது பிள்ளைக்கு அழத்தான் தெம்பு இருக்கும்.

கடைசியில் சேர்த்தது வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய பள்ளியில். பழைய கட்டடம், ஓட்டுக் கூரை, பெரிய வேப்பமரம். தரைத்தளம் மட்டுமே, கழிப்பறை வகுப்பை ஒட்டி. அதுகூட என்னை அவ்வளவு இழுக்கவில்லை. நான் போன நேரம் இடைவேளை. ஒரு பெண் குழந்தை சாப்பாட்டு டப்பாவைத் திறக்க முடியாமல் டீச்சரிடம் நீட்டியது. அவர் வாங்கி, மூடியின் ஒரு மூலையை மட்டும் லேசாகத் தூக்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மிச்சத்தை அது திறந்தது. பேச்சுக்கூட இல்லை. பத்துப் பதினைந்து டப்பாக்கள் அப்படியே கைமாறின. மொத்தமாகத் திறந்து வைத்துவிட்டால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். அவருக்கு அவசரம் இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அங்கேயே போடு" என்றாள்.

பிறகு அலுவலகத்தில் பேசும்போது ஒரு விஷயம் தெரிந்தது. உதவி பெறும் பள்ளி என்றாலும் அரசின் உதவி ஒன்றாம் வகுப்பிலிருந்துதான். எல்கேஜி, யுகேஜி அதே வளாகத்துக்குள் சுயநிதிப் பிரிவு. ஒண்ணாப்பு டீச்சருக்கு அரசுச் சம்பளம், ஓய்வு பெறும்வரை இருப்பார். சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் எல்கேஜி டீச்சருக்கு நிர்வாகம் கொடுப்பதுதான் சம்பளம். எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. கட்டிய ரசீதை வைத்து நானே மனதுக்குள் பெருக்கி வகுத்துப் பார்த்தேன், கூச்சமாக இருந்தது. பிஎட் முடித்தவராம். அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று ஆயா சொன்னார்.

வீட்டுக்காரர் தோற்றுவிடவில்லை. ஆறாம் வகுப்பில் சிபிஎஸ்இக்கு மாற்றுவது என்று ஒப்பந்தம். அப்போது போர்டைப் பற்றிப் பேச நானும் தயார். அந்த வயதில் அது பேச வேண்டிய பேச்சுதான். இப்போதைக்கு எனக்கு வேறு கவலை. அடுத்த ஜூனில் அந்த டீச்சர் இருப்பாரா, பிள்ளைகளோடு யுகேஜிக்கு வருவாரா என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். அவர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அது மேனேஜ்மென்ட் முடிவுங்க. நீங்க மொதல்ல இந்த டேர்ம் வேன் ஃபீஸைக் கட்டிருங்க" என்றார். எங்களுக்கு வேன் இல்லை என்று இரண்டாம் முறை சொல்லிவிட்டு வந்தேன்.