மலையடிவாரத்தில் ‘ஆர்கானிக்’ பலகை... பையில் எழுத யாருக்கு உரிமை?

திருவண்ணாமலையில் இருந்து செங்கம் சாலையில் வந்தால் ரமணாசிரமம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இந்தப் பகுதிக்கு மட்டும் தனி முகம். 1922-ம் ஆண்டு ரமணர் மலையடிவாரத்துக்கு வந்து தங்கிய இடம். ஆசிரமத்துக்குள் லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதியும், பக்கத்தில் கோசாலையும் உண்டு. வெளிநாட்டவரும் வெளி மாநிலத்தவரும் மாதக்கணக்கில் தங்குவதால், சாலையோரக் கடைகளில் ‘ஆர்கானிக்’ பலகைகளுக்குக் குறைவில்லை.

சுற்றுவட்டாரமோ நெல்லும் மணிலாவும் விளையும் பூமி. வாங்க ஆள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆனால், ‘ரசாயனம் போடலை’ என்ற வாய்ச்சொல் எதுவரை செல்லும்?

இயற்கை விளைபொருள் உணவுக்கான மத்திய அரசின் ஒழுங்குமுறை 2017-ல் வந்தது. 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு விவசாயி, தன் விளைபொருளைச் சாப்பிடுபவருக்கே நேரடியாக விற்றால் சான்று தேவையில்லை. ஆனால், ‘ஜைவிக் பாரத்’ முத்திரையைப் போடக் கூடாது. அதே அரிசியைப் பையில் கட்டி, ‘ஆர்கானிக்’ என்று எழுதிக் கடைக்குக் கொடுத்தால் சான்று கட்டாயம்.

சான்றுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தேசிய அங்கக உற்பத்தித் திட்டம். தமிழக அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையில் பதிந்தால் ஆய்வாளர் வந்து பார்ப்பார். ஏற்றுமதிக்கு இதுவே வழி. நெல், மணிலா போன்ற பயிர்களுக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டுகளும், மா, தென்னைக்கு அறுவடைக்கு முன் 3 ஆண்டுகளும் மாறுதல் காலம்.

இன்னொன்று, பங்கேற்பு உத்தரவாதத் திட்டம். குறைந்தது 5 விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் ஆய்வு செய்ய வேண்டும். மாறுதல் காலத்தில் ‘பி.ஜி.எஸ் கிரீன்’, முழுதாக மாறியபின் ‘பி.ஜி.எஸ் ஆர்கானிக்’.

ஏரிப் பாசன ஊர்களுக்குக் குழுவே பொருத்தம். மேல்வயலில் போட்ட யூரியாவும் தெளித்த மருந்தும் தண்ணீரோடு கீழ்வயலுக்கு வந்துவிடும். மேல்வயல்காரரையும் குழுவில் சேர்த்தால் பாதிப் பிரச்னை தீரும்.

மீதி, பதிவேட்டில் இருக்கிறது. விதை வாங்கிய ரசீது, எரு போட்ட தேதி, விளைந்த மூட்டைக் கணக்கு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இரவல் தெளிப்பானை வயலில் இறக்காதீர்கள். இந்தப் பட்டத்திலேயே நோட்டைத் தொடங்கினால், மாறுதல் காலத்துக்கு அதுவே முதல் சாட்சி.