சொல்லியும் கொடுக்கிறார்

நம் வட்டத்தில் ஒருவரைத் தீர்த்துக்கட்ட ஒரே ஒரு சொல் போதும்: வாத்தியார். கவிஞன் ஒருவன் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த மறுமாதமே அவன் வரிகளில் சாக்பீஸ் தூள் நம் கண்ணில் பட ஆரம்பித்துவிடுகிறது. சிறுபத்திரிகைகளுக்கும் பண்டிதர்களுக்கும் இருந்த பழைய பகையின் மிச்சம் இது. அந்தப் பகைக்கு அன்று நியாயம் இருந்தது. ஆனால் அதே நியாயத்தை, கேள்வி இல்லாமல், இசைக்கும் கொண்டுபோய் ஒட்டுகிறோம். சமீபத்தில் நண்பர் ஒருவரிடம், நான் மதிக்கும் பியானோக் கலைஞர் ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தது. "நன்றாக வாசிப்பார். சொல்லியும் கொடுக்கிறார்" என்றார். இலக்கணத்தில் இதற்கு எச்ச உம்மை என்று பெயர். நண்பர் வாயில் அது இழிவு சிறப்பும்மையாகத்தான் வந்தது.

கச்சேரி என்பது சுதந்திரம், பாடம் சொல்லுவது வயிற்றுப்பாடு என்ற எண்ணம் அந்த உம்மைக்குள் ஒளிந்திருக்கிறது. எனக்கு இது தலைகீழாகவே தோன்றுகிறது. எல்லாருக்கும் அல்ல, ஆனால் கவனிக்க வேண்டிய சிலருக்கு.

ஷோபனை எடுத்துக்கொள்ளலாம். 1831ல் பாரிஸுக்கு வந்தவர், 1849ல் இறக்கும்வரை அவருடைய பிரதான வருமானம் பாடம் சொல்லிக்கொடுத்ததில் வந்தது. ஒரு பாடத்துக்கு 20 பிராங்க். பணத்தைக் கையில் வாங்கமாட்டார். மாணவிகள் கணப்பு மாடத்தின் மேல் வைத்துவிட்டுப் போக வேண்டும். மாணவி பெரிய பியானோவில் உட்கார, இவர் பக்கத்தில் சின்ன நிமிர்ந்த பியானோவில் இருந்து திருத்துவார். குளிர்காலம் முழுவதும் நாள்தோறும் பல மணி நேரம் இதே வேலை. வாழ்நாளில் அவர் கொடுத்த பொதுக் கச்சேரிகளோ சுமார் 30தான். இந்த 30ஐச் சொல்லி, கச்சேரி கிடைக்காததால் பாடம் சொன்னார் என்று முடிவு கட்ட முடியாது. கூட்டம் அவருக்கு மூச்சை அடைத்தது. அந்த மெல்லிய நாதம் பெரிய மண்டபத்தின் கடைசி வரிசைக்கு எட்டாது. எட்ட வைப்பதற்காக அவர் அதை உரக்கச் செய்யவும் தயாராக இல்லை. பாடத்தில் வந்த பிராங்குகள்தாம் அவரைக் கூட்டத்திடமிருந்து விலைகொடுத்து மீட்டன. பாலேடும் மஸூர்க்காவும் அந்த மீட்பில் கிடைத்தவை.

லிஸ்ட் இதற்கு நேர் எதிர் என்று நினைப்போம். ஐரோப்பா முழுவதையும் மேடையாக்கியவர். அவரும் 1847ல், 35 வயதில், காசுக்குக் கச்சேரி செய்வதை நிறுத்திவிட்டார். பின்னாளில் வைமாரில் உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த இளைஞர்களுக்குக் கட்டணமே வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். அவர் சிறுவனாக இருந்தபோது செர்னி அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். செர்னிக்குக் குரு பேத்தோவன். நம் ஊரில் தியாகராஜர், மானம்புச்சாவடி வேங்கடசுப்பய்யர், பட்டணம் சுப்பிரமணிய ஐயர், பூச்சி ஐயங்கார், அரியக்குடி என்று விரலை மடக்குவது போல அவர்களும் மடக்கலாம். சங்கிலியின் எந்தக் கண்ணியும் 'வாத்தியார்' என்ற வசைக்குத் தப்பாது.

பாக்கைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. 1723ல் லைப்ஸிக் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது லத்தீன் சொல்லிக்கொடுப்பதும் அவர் பொறுப்பில் இருந்தது. சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து வேறொருவரை அந்த வகுப்புக்கு அமர்த்திவிட்டார். வாத்தியார் வேலையில் எது தன்னுடையது, எது இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பியானோக்காரர்கள் இன்று தங்கள் வேதமாக வைத்திருக்கும் 1722ன் அந்த இருபத்துநான்கு முகப்பிசைகளையும் பியூக்குகளையும், கற்க விரும்பும் இளைஞர்களின் உபயோகத்துக்கு என்றுதான் அவர் முகப்புப் பக்கத்தில் எழுதினார். முதல் முகப்பிசையின் ஆரம்ப வடிவம் மூத்த மகனுக்கான பயிற்சி நோட்டில் இருக்கிறது. பாட நோட்டாக இருந்தது பிறகு கச்சேரி ஆயிற்று.

இங்கே வருவோம். எம்.டி. ராமநாதனை நம்மில் பலர் கொண்டாடுகிறோம். அந்த அடிக்குரலும், எந்த அவசரத்துக்கும் தலைவணங்காத சௌக்க காலமும் நவீன கவிதைக்கு நெருக்கமானவை என்று எழுதிக்கூட இருக்கிறோம். ஆனால் அந்தக் காலப்பிரமாணத்துக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள் என்று நாம் கேட்டதில்லை. டைகர் வரதாச்சாரியாரிடம் கற்கக் கலாக்ஷேத்திரத்துக்கு வந்தவர், அங்கேயே ஆசிரியராக வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தார். மாதம் பிறந்தால் அரிசி வாங்க ஒரு சபாவின் காரியதரிசி முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சபாக்களை மட்டுமே நம்பியிருந்த ஒருவர், எதிரே ஆட்கள் எழுந்துபோகும்போதும், அந்த நிதானத்தில் அத்தனை வருஷம் நின்றிருக்க முடியுமா? எனக்குச் சந்தேகம். சங்கீத கலாநிதி அவருக்குக் கிடைக்கவில்லை. 1984ல் இறந்தார். தன் கீர்த்தனைகளில் அவர் வைத்த முத்திரை 'வரததாஸ'. குருவின் பெயர்தான் அவருடைய கையெழுத்து.

முசிறி சுப்பிரமணிய ஐயர் கதை வேறு. 1939லேயே சங்கீத கலாநிதி. 'துக்காராம்' படத்தில் நடித்துப் பாமர ஜனங்களையும் எட்டியவர். உடல்நிலை மேடையிலிருந்து அவரை விலக்கியது. 1949ல் சென்னையில் அரசு கர்நாடக இசைக் கல்லூரி தொடங்கியபோது முதல் பிரின்ஸிபால் ஆனார். இவர் விஷயத்தில் 'உம்' இல்லை; ஒன்று முடிந்து மற்றொன்று. டி.கே. கோவிந்த ராவ், மணி கிருஷ்ணஸ்வாமி, சுகுணா புருஷோத்தமன் என்று மாணவர்கள் வழியாக அவருடைய நிரவல் இன்னொரு தலைமுறை கேட்டது.

பியானோ விஷயத்தில் நமக்கு இவ்வளவு தெளிவான சரித்திரம் இல்லை. மவுண்ட் ரோடில் 1842லிருந்து வாத்தியக் கடை உண்டு. மாதா கோயில்களில் ஆர்கன் உண்டு. ஆனால் பியானோவில் தனிக்கச்சேரி செய்து அதிலேயே ஜீவித்த தமிழர் என்று ஒருவரைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. இருந்தவர்கள் சொல்லியும் கொடுத்தவர்கள், அல்லது சொல்லி மட்டும் கொடுத்தவர்கள். மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் இருந்த தன்ராஜ் மாஸ்டரை நாம் இளையராஜாவின் குருவாக மட்டுமே அறிவோம். ரஹ்மானும் சிறுவயதில் அவரிடம் போயிருக்கிறார். அவருடைய கை எப்படி ஒலித்தது என்பதற்கு நம்மிடம் தட்டு இல்லை. இன்றைக்கு அனில் ஸ்ரீனிவாசன் சிக்கில் குருசரணோடு மேடையிலும் உட்காருகிறார். தான் தொடங்கிய அமைப்பின் மூலம் பள்ளிக்கூடங்களுக்குள் இசைப் பாடத்தையும் கொண்டுபோகிறார். அதை யாரும் இறக்கமாகச் சொல்வதில்லை. ஆனால் பெயர் தெரியாதவர்கள் செய்தால் சொல்கிறோம்.

நண்பர் குறிப்பிட்ட கலைஞர் பெயர் தெரியாத வகை. பாளையங்கோட்டைக்காரர். கோயில் ஆர்கனில் தொடங்கி, சென்னையில் முறையாகக் கற்று, நாற்பதைத் தாண்டியவர். எல்லாரும் மாஸ்டர் என்பார்கள், நானும் அப்படித்தான். நகரத்தில் வருஷத்துக்கு இரண்டு கச்சேரி, எண்பது பேர் வந்தால் நல்ல கூட்டம். மற்ற நாட்களில் குன்றத்தூர், மாங்காடு, போரூர் என்று ஸ்கூட்டரில் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம்.

குன்றத்தூரில் பியானோவா என்று கேட்கத் தோன்றும். ஒரகடம் வேலைகள் வந்த பிறகு, ஏரிக்கரை வயல்கள் அடுக்குமாடிகளாகிவிட்டன. விடிகாலையில் கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்கு ஆட்களை அள்ளிக்கொண்டு போகின்றன. மாலையில் அதே வீடுகளில் ஏதோ ஒரு மாடியிலிருந்து ஸ்வர வரிசைக்குப் பதில் ஸி மேஜர் ஸ்கேல் கேட்கிறது. வல்லம் வடகால் சிப்காட்டில் 2019லிருந்து யமஹாவின் இசைக்கருவித் தொழிற்சாலை நடக்கிறது. அதே சிப்காட்டில் அதே பெயரில் மோட்டார் சைக்கிளும் தயாராகிறது. 1887ல் ஒரு பள்ளிக்கூடத்து ஆர்கனைப் பழுதுபார்த்த ஜப்பானியரிடமிருந்து வந்த பெயர் அது; பைக்கின் டாங்கில் இருக்கும் சின்னம்கூட மூன்று சுருதிக் கவைகள்தாம் என்பது அதை ஓட்டுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆக நம் வட்டாரம் கீபோர்டு செய்கிறது. பியானோ செய்யவில்லை. இந்த வித்தியாசத்தில்தான் மாஸ்டரின் தினசரி வதை இருக்கிறது. கீபோர்டின் கட்டைக்கு அடியில் ஸ்பிரிங். பியானோவின் கட்டைக்கு மறுமுனையில் ஒரு சுத்தியல். 61 கட்டைகளில் ஸ்பிரிங்கை அமுக்கிப் பழகிய விரல், 88 கட்டைகளுக்கு முன்னால் வரும்போது மெதுவாக ஒலிப்பது என்றால் என்னவென்றே தெரியாமல் திகைக்கிறது.

அதைவிடப் பெரிய வதை கிரேடு. டிரினிட்டிப் பரீட்சையில் ஆரம்பநிலை போக எட்டுப் படிகள். நூற்றுக்கு 60 பாஸ், 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். பரீட்சையின் மேல் எனக்குப் புகார் இல்லை. அதன் பாடல் பட்டியல்கள் ஒழுங்கானவை, ரசனையோடு தொகுக்கப்பட்டவை. ஆனால் பெற்றோருக்கு வருஷத்துக்கு ஒரு படி ஏற வேண்டும். மூன்று உருப்படி, கொஞ்சம் ஸ்கேல், பத்து மாதம் அதையே அரைத்து, சர்ட்டிபிகேட்டைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி, மறுநாளே அடுத்த மூன்று உருப்படி. ஐந்தாம் கிரேடு தாண்டிய குழந்தைக்குப் பட்டியலில் இல்லாத எட்டு வரியைக் கொடுத்தால் விழிக்கிறது. சபாவின் முன்வரிசையைவிடக் கொடுமையான முன்வரிசை இது. ஷோபன் எதை விலைகொடுத்து விலக்கினாரோ, அதுவே பாடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கச்சேரியா பாடமா என்பது நம் நண்பர்களின் கேள்வி. காலப்பிரமாணம் யார் கையில் இருக்கிறது என்பது என் கேள்வி.

இரண்டு வருஷங்களுக்கு முன் மாஸ்டர் நான் வேலை பார்க்கும் கிளைக்குக் கடன் கேட்டு வந்தார். பழைய நிமிர்ந்த பியானோ ஒன்று விலைக்கு வந்திருந்தது. விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் ஒரே ஒரு கட்டம். கம்ப்யூட்டரின் பட்டியலில் ஆசிரியர் உண்டு. பியானோக் கலைஞர் இல்லை. இதர தொழில் என்று ஒன்று உண்டு, அதைத் தேர்ந்தால் கூடுதலாக நான்கு தாள்கள் கேட்கும். "ஆசிரியர்னே போடுங்க சார், அதுலதான் பணம் வருது" என்றார், சிரித்துக்கொண்டேதான். நாற்பத்திரண்டு பிள்ளைகளின் மாதக் கட்டணம் கணக்கில் ஒழுங்காக விழுந்திருந்தது. இரண்டு கச்சேரிகளின் வரவு எந்த மாதத்தில் என்று தேட வேண்டியிருந்தது. (இதே ஊரில் பிறந்த சேக்கிழார் சோழனிடம் மந்திரியாக இருந்தவர் என்பது மரபு. அவருக்கும் இந்தக் கட்டத்தில் புராணம் பாடுபவர் என்று போட இடமிருந்திருக்காது. எனக்கும் இல்லை, ஆனால் மாதச் சம்பளம் இருப்பதால்தான் எந்த வாரப் பத்திரிகை ஆசிரியருக்கும் பிடிக்கிற மாதிரி நான் விமர்சனம் எழுத வேண்டியதில்லை.)

கடன் கிடைக்கவில்லை. பியானோ ஒரு சொத்தாக மேலதிகாரிக்குப் படவில்லை. ஒரு விதத்தில் அவர் சொன்னதும் சரி: நம் கடற்காற்றில் தந்தி துருப்பிடிக்கும், மழை மாதத்தில் ஒலிப்பலகை ஊதும், கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். மாஸ்டர் தங்கையின் நகையில் அதை வாங்கிவிட்டார். வாங்கிய மூன்றாம் மாதம், இனிமேல் யாரையும் பரீட்சைக்குத் தயார் செய்வதில்லை, வேண்டுமானால் வீட்டுக்கு வந்து பியானோவில் கற்கலாம் என்று பெற்றோர்களுக்குச் சொல்லியனுப்பினார். நாற்பத்திரண்டு பதின்மூன்றாயிற்று. இதைத் துணிச்சல் என்று நான் எழுதப்போவதில்லை. தங்கையின் நகை இன்னும் மீளவில்லை. கல்யாண ரிசப்ஷன்களில் கீபோர்டு வாசிக்க வரும் அழைப்புகளை இப்போது அவர் தட்டுவதில்லை.

ஆனால் வாசிப்பு மாறியிருக்கிறது. சென்ற நவம்பரில் ஷூபர்ட் 1828ல், சாவுக்குச் சில வாரங்கள் முன் எழுதிய பி-பிளாட் ஸொனாட்டாவை வாசித்தார். அதன் தொடக்கத்தில், அமைதியான அந்தப் பாட்டு ஓய்ந்த இடத்தில், அடிஸ்தாயியில் ஒரு நடுக்கம் வருகிறது. மிக மெல்ல ஒலிக்க வேண்டும். அடியில் ஏதோ உருள்கிற மாதிரி. முன்பு ஒருமுறை அவர் இதை வாசித்துக் கேட்டிருக்கிறேன். அப்போது அது சுத்தமான டிரில், அவ்வளவுதான். இந்த முறை அது ஸ்வரமாகவே கேட்கவில்லை. மண்டபத்தில் மின்விசிறியை நிறுத்திய பிறகு வரும் நிசப்தம் மாதிரி ஒன்று. அவர் தேர்ந்த வேகமும் முன்பைவிடக் குறைவு. எழுந்துபோனவர்கள் உண்டு.

வெளியே வந்தபோது அந்த இடத்தைப் பற்றிக் கேட்டேன். பதின்மூன்றில் ஒரு பெண், மாங்காட்டிலிருந்து வருகிறாள், தகப்பனார் ஒரகடத்தில் ஷிப்டு வேலை. கீபோர்டில் பழகிய விரல். ஒலிக்காமல் கட்டையை எவ்வளவு தூரம் இறக்கலாம், எந்த இடத்தில் சுத்தியல் கையை விட்டுப் போகிறது என்று அவளுக்குக் காட்டுவதற்காக நான்கு மாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே கட்டையை இருவரும் மாறி மாறி இறக்கிக்கொண்டிருந்தார்களாம். "அவளுக்கு இன்னும் முழுசா வரல சார். எனக்கு வந்திருச்சு" என்றார்.

பெண் இப்போது பாக்கின் முதல் முகப்பிசையில் இருக்கிறாள். பாதிக்கு மேல் போகவில்லை. அடுத்த கச்சேரி பிப்ரவரியில் வைத்திருக்கிறார், ஈரம் குறைந்த பிறகு. அதற்குமுன் சுருதி கூட்டுபவர் நகரத்திலிருந்து வந்துபோக வேண்டும். அவருக்குக் கொடுக்கப் பதின்மூன்று பேரின் ஜனவரிக் கட்டணத்தை எதிர்பார்த்திருக்கிறார்.