கஸ்தூர்பா கேட்ட கேள்வி

காமயகவுண்டன்பட்டியில் காந்திக்குக் கோயில் இருக்கிறது. விடுதலைப் போராட்டத்துக்குத் தியாகிகளைக் கொடுத்த ஊர் அது. அதே ஊரில், கம்பம் பள்ளத்தாக்கின் மற்ற ஊர்களைப் போலவே, வயதான ஒருவர் காலமானால் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒட்டுகிறார்கள், ஃபிளெக்ஸ் கட்டுகிறார்கள். ஆணாக இருந்தால் முன்னாள் கவுன்சிலர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திராட்சை விவசாயி என்று பெயரோடு ஏதாவது ஒன்று சேர்ந்து வரும். பெண்ணாக இருந்தால் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார், இத்தனை பேருக்கு அப்பத்தா, இத்தனை பேருக்கு அம்மாச்சி என்பதோடு சரி. அந்த உறவுகள் அத்தனையும் உண்மை. அவற்றை எழுதும் கையில் அன்பும் இருக்கிறது. ஆனாலும் எழுபது எண்பது ஆண்டு வாழ்ந்து முடித்த ஒருத்திக்கு அது போதிய நினைவாகாது என்பது என் கட்சி. இதற்குச் சான்று சொல்ல, கோயில் கொண்டிருப்பவரின் மனைவியையே அழைக்கலாம்.

கஸ்தூர்பா 1869இல் போர்பந்தரில் பிறந்தவர். 1944 பிப்ரவரி 22 அன்று புணே ஆகா கான் மாளிகையில் கைதியாகவே இறந்தார். நான்கு ஆண் பிள்ளைகளைப் பெற்றவர், பேரன் பேத்திகளைக் கண்டவர், அறுபது ஆண்டுக்கு மேல் ஒரே மனிதரோடு குடும்பம் நடத்தியவர். ராஜாஜியின் மகள் லட்சுமி அவருக்கு மருமகள். அந்த வகையில் தமிழ்நாட்டுக்குச் சம்பந்தி. கணவரின் அடியொற்றி நடந்த உத்தமி என்று சொல்லி அவரைப் பற்றிய பேச்சை நாம் முடித்துக்கொள்கிறோம். காந்தி தம் சுயசரிதையில் எழுதிவைத்த ஒரு சண்டை வேறு விதமான பெண்ணைக் காட்டுகிறது. 1901இல் அவர்கள் தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பியபோது அங்கிருந்த இந்தியர்கள் பரிசுகளைக் குவித்தார்கள். கஸ்தூர்பாவுக்கென்றே ஒரு தங்க அட்டிகையும் வந்தது. பொதுச்சேவைக்கு வந்த பொருள் பொதுவுக்கே போக வேண்டும் என்று காந்தி முடிவு செய்தார். பிள்ளைகளை முதலில் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, பிறகு மனைவியிடம் பேசினார். அவர் சம்மதிக்கவில்லை. நாளைக்கு வரப்போகும் மருமகள்களுக்கு என்ன போடுவது என்று கேட்டார். கணவர் செய்த சேவை தானும் செய்த சேவைதான் என்றார். இராப்பகலாக அந்த வீட்டுக்கு உழைத்தது சேவையில் சேராதா என்று கேட்டார். காந்தி அசையவில்லை, நகைகள் அறக்கட்டளைக்குப் போயின. தமக்கு எதிரான வாதத்தை மறைக்காமல் எழுதியது காந்தியின் பெருந்தன்மை. ஆனால் கேள்வி கஸ்தூர்பாவுடையது, அதற்கு அன்றைக்குப் பதில் கிடைக்கவில்லை.

அன்புக்கும் கணக்குக்கும் ஒத்துவராது, அம்மாவின் உழைப்பை எண்ணிப் பார்ப்பதே அவளைக் கொச்சைப்படுத்துவதாகும் என்று சொல்பவர்கள் உண்டு. அது மனதார எழும் தயக்கம்தான். ஆனால் கணக்கை முதலில் எடுத்தவர் அன்பில் குறை வைக்காத அந்த மனைவியே. எண்ணாமல் விட்டதால் யாருக்கு என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். 2019இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பால்தான் கணவன் வெளியே சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் அவளுக்கும் பங்குண்டு என்று தீர்ப்பளித்தது. கஸ்தூர்பா அட்டிகைக்காகச் சொன்ன நியாயம் நீதிமன்றத்தில் ஏறுவதற்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

உழைப்பைவிடவும் எளிதில் காணாமல் போவது பெண்கள் எடுத்த முடிவுகள். காந்தி குடும்பம் மீண்டும் தென்னாப்பிரிக்காவில் இருந்த 1913 மார்ச்சில், அங்கே கேப் மாகாண நீதிபதி சியர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்களைச் செல்லாதவையாக்கும் தீர்ப்பைச் சொன்னார். அதை எதிர்த்து அந்த ஆண்டு செப்டம்பரில் காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து பதினாறு பேர் டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து கைதானபோது கஸ்தூர்பாவும் அவர்களில் ஒருவர். மூன்று மாதம் சிறை. கணவர் போகச் சொன்னார், போனார் என்று இதையும் பதிபக்தியில் சேர்த்துவிடலாம். காந்தி எழுதியிருப்பதோ நேர்மாறு. மனைவியை வற்புறுத்தக்கூடாதென்று அவர் தயங்கியிருக்க, தன்னிடம் ஏன் சொல்லவில்லை, சிறைக்குப் போகத் தனக்கு என்ன தகுதி குறைந்தது என்று கேட்டுச் சேர்ந்துகொண்டவர் கஸ்தூர்பா. அதே போராட்டத்தில் சிறை சென்று மாண்ட தில்லையாடி வள்ளியம்மையின் நினைவு நாளும் பிப்ரவரி 22 என்பதைத் தமிழர்கள் மறக்கலாகாது.

கஸ்தூர்பா வரலாற்றில் இடம்பெற்றவர், எங்கள் வீட்டு அப்பத்தா சிறைக்கா போனாள் என்று கேட்கலாம். இந்தப் பள்ளத்தாக்கிலேயே பதில் இருக்கிறது. இசையமைப்பாளர் இளையராஜாவின் தாயார் பண்ணைப்புரம் சின்னத்தாயம்மாள், வீட்டிலிருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, பிள்ளைகளைச் சென்னைக்கு அனுப்பினார். அதை இளையராஜா பலமுறை சொல்லியிருக்கிறார். நாம் அதைத் தாயின் தியாகம் என்று சொல்லிக் கண் கலங்குகிறோம். கணவரை இழந்த ஒரு பெண், கையிலிருந்த பொருளை எதில் போட்டால் குடும்பம் மேலே வரும் என்று யோசித்து எடுத்த முடிவு அது. பிள்ளைகளின் திறமையைப் பற்றிய அவரது கணிப்பும் சரியாக இருந்தது. பன்னீர் திராட்சைப் பந்தலடியில் நாள் முழுக்கக் கையை உயர்த்தி நின்று வேலை செய்த பெண்கள், விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய் வந்த பெண்கள், எந்தக் கடனை முதலில் அடைப்பது, எந்தப் பிள்ளையை மேலே படிக்க வைப்பது, எந்த நகையை அடகுக்கு அனுப்புவது என்று தீர்மானித்தவர்கள் காமயகவுண்டன்பட்டியில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அந்த யோசனையையெல்லாம் பாசம் என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிட்டால், அவர்களுக்குப் புத்தி இருந்ததே பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடும்.

சாவு வீட்டில் இதையெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்க முடியாது என்பது நியாயமான பேச்சு. பதினாறாம் நாள் காரியப் பத்திரிகைக்கு அவகாசம் இருக்கிறது, முதலாண்டு நினைவஞ்சலிக்கு அதைவிட அதிகம் இருக்கிறது. அவர் பிறந்த ஊர், பார்த்த வேலை, அவர் சொல்லி வீடு கேட்ட ஒரு முடிவு ஆகிய மூன்றையும் உறவுப் பெயர்களுக்குக் கீழே மூன்று வரியில் எழுதிவிடலாம். உங்கள் வீட்டில் அப்பத்தாவோ அம்மாச்சியோ இருந்தால், அந்த மூன்று வரியையும் அவரிடமே கேட்டு இப்போதே எழுதி வையுங்கள்.