பெரியப்பாவின் கெப்

மழைக்காலத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் எதிர்மலையும் தெரியாது, கீழ் ரோட்டும் தெரியாது. அப்போது எல்லாமே சத்தம்தான். கோச்சி மூச்சிரைத்து ஏறி வரும். ஸ்டோரில் கொழுந்து வாட்டும் காற்றாடி ராவெல்லாம் இரையும். பெரட்டுக்குத் தப்பு அடித்த காலத்தை அப்பாயி சொல்லுவார். நாம் கேட்டது சங்கு. பீலிக்கரையில் குடம் உரசும் சத்தத்தை வைத்தே எந்த வீட்டு அக்கா வந்திருக்கிறாள் என்று சொல்லிவிடுவோம், ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சத்தங்களோடு 1995இல் இன்னொன்று வந்து சேர்ந்தது. கோவில் முடக்கில் கியர் மாறும்போது ஒரு கணம் அடங்கி, பிறகு கடகடவென்று மேல் லயம் வரைக்கும் ஏறி வரும். "பெரியப்பா வந்தாச்சு" என்று யாராவது ஒரு வீட்டில் தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பார்கள். அது எங்கள் வீடாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை.

அதுவரைக்கும் தோட்டத்தில் சில்லு வைத்த எதுவும் நமக்குச் சொந்தமில்லை. துரையின் ஜீப் துரைக்கு. டிராக்டரும் கொழுந்து லொறியும் தோட்டத்துக்கு. பெரியப்பா அந்தக் கொழுந்து லொறியின் டிரைவர். ஸ்டியரிங் அவர் கையில், சாவி ஆபீசில். ராத்திரியில் ஒரு பொம்பளைக்கு வலி எடுத்தால் முதலில் தோட்டத்து டாக்டர் ஐயாவை எழுப்ப வேண்டும், அவரிடம் துண்டு வாங்கிக்கொண்டு பங்களாவுக்கு ஓட வேண்டும், துரை கையெழுத்து வைத்த பிறகுதான் லொறி நகரும். மழையில் டோர்ச் பிடித்துக்கொண்டு ஓடியவர்களில் உங்கள் அப்பாவும் இருந்திருப்பார். லொறியில் சாக்கை விரித்து, மேலே படங்கைப் பிடித்துக்கொண்டு லிந்துலை ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். போகிற வழியிலேயே பிறந்த பிள்ளைகள் நம் பக்கத்தில் உண்டு. கொழுந்து வாசத்தில் கண் திறந்தவர்கள். போய்ச் சேர முன்னே போனவர்களும் உண்டு. துண்டுக்காகக் காத்து நின்ற அந்த அரைமணி நேரத்தைப் பெரியப்பா கடைசி வரைக்கும் மறக்கவில்லை. லொறியில் ஏறி உட்கார்ந்திருப்பாராம், கால் நடுங்குமாம்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். மூன்று வருஷம் கழித்துப் பெரியப்பா வேலையிலிருந்து நின்றார். கைக்கு ஈ.பி.எப். காசு வந்தது. நம் ஆட்கள் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை மொத்தமாகப் பார்க்கும் காசு அது. பெரியம்மாவுக்கு அக்காவின் கல்யாணத்துக்கு நகை செய்ய ஆசை. இரண்டு நாள் அடுப்படியில் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் ரொட்டியைத் தட்டிக்கொண்டே, "வாங்குறது வாங்குறீங்க, பின்னால ஆள் உக்கார எடம் இருக்கிறதா பாத்து வாங்குங்க" என்றார் பெரியம்மா. அதுதான் உத்தரவு.

வெலிமடையில் ஒரு உருளைக்கிழங்கு முதலாளியிடம் டொயோட்டா ஹைலக்ஸ் சிங்கிள் கெப் ஒன்று இருப்பதாகச் சேதி வந்தது. நானும் கூடப் போனேன். நீல நிறம், எண்பதுகளில் வந்த வண்டி, 2.4 லீட்டர் டூ எல் டீசல் எஞ்சின். நம்பர் பிளேட்டில் நடுவே சிங்கள ஸ்ரீ எழுத்து. பெரியப்பா கதவைத் திறக்கவுமில்லை, உள்ளே பார்க்கவுமில்லை. நேரே போய்ப் பொனட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது. முதலாளியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நாளைக்கு வாறேன் முதலாளி, வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேணாம்" என்று சிங்களத்தில் சொன்னார். அன்றிரவு பண்டாரவளையில் தெரிந்தவர் வீட்டில் தங்கினோம்.

மறுநாள் விடியற்காலை, புல்லில் பனி வெள்ளையாகக் கிடக்கிறது. பொனட் ஐஸ் மாதிரி இருக்கிறது. பெரியப்பா சாவியைத் திருப்புகிறார். ஹீட்டர் லைட் மஞ்சளாக எரிந்து அணைகிறது. டீசலுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை நசுக்கி வருகிற சூட்டில்தான் பற்ற வேண்டும். இரும்பு குளிர்ந்து கிடந்தால் அந்தச் சூட்டை அதுவே குடித்துவிடும். எஞ்சினின் நெஞ்சு நல்லதா கெட்டதா என்பது குளிரில்தான் தெரியும் என்பார். இரண்டு சுற்றில் பிடித்துக்கொண்டது. முதலில் வெள்ளைப் புகை, கொஞ்ச நேரத்தில் அதுவும் தெளிந்தது. நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது, வாங்கவே கூடாது. ஏற்றத்தில் கறுப்பாகத் தள்ளினால் இன்ஜெக்டரைப் பார்க்க வேண்டும். ஓடுகிற எஞ்சினில் ஒயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடித்தார். கையைத் தள்ளும் காற்று இல்லை. எஞ்சின் சூடேறு முன்பே ரெடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பார்த்திருந்தார். கடைசியாக ஈர மண்ணில் மல்லாந்து படுத்து சேசிஸ் முழுக்க விரலால் தட்டிக்கொண்டே போனார். துருப்பிடித்த இடம் மொக்கையாகச் சத்தம் கொடுக்கும். எழுந்தபோது முதுகு முழுக்கச் சேறு, முகத்தில் மட்டும் திருப்தி.

விலை பேசி முடிந்ததும் முதலாளி பேப்பரில் கையெழுத்து வைத்து, வாங்குபவர் பெயரை வெறுமையாக விட்டுக் கொடுத்தார். ஓபன் பேப்பர். ஊரெல்லாம் அப்படித்தான் கை மாறும். விற்கும்போது சுலபம், செலவும் மிச்சம். பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் சி.ஆர். புத்தகத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, நாரஹேன்பிட்டைப் பதிவு அலுவலகத்துக்குப் போய்த் தன் பெயருக்கு மாற்றினால்தான் வண்டியைத் தொடுவேன் என்றார்.

அது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பெரியப்பாவின் தங்கச்சி குடும்பம் தலைமன்னார் வழியாகக் கப்பலேறி கோத்தகிரிக்குப் போனது. ஸ்டேஷனில் ஒப்பாரி வைத்து வழியனுப்பிய அந்தக் கோச்சியை இன்றைக்கும் நம் ஊரில் ஒப்பாரி கோச்சி என்றுதானே சொல்கிறோம். பெரியப்பா போகவுமில்லை, இந்த நாட்டுக்காரர் என்ற தாளும் கையில் இல்லை. 1988 சட்டத்துக்குப் பிறகுதான் பிரஜாவுரிமை கிடைத்தது, அடையாள அட்டை வந்தது. ஐம்பது வயதை நெருங்கி இந்த நாட்டின் ஆளானவர். பிறந்த லயக்காம்பரா அவர் பெயரில் இல்லை, வீட்டுக்கு முன்னால் போட்ட மரக்கறிப் பாத்தியின் மண்ணும் அவர் பெயரில் இல்லை. அவர் பெயரில் அரசாங்கம் பதிந்த முதல் சொத்து அந்த கெப். சி.ஆர். புத்தகத்தைப் பாலித்தீனில் சுற்றி, பிரஜாவுரிமைப் பத்திரத்தோடு ஒரே தகரப் பெட்டியில் வைத்திருந்தார்.

கெப்புக்குள்ளே ஏறினால் வரும் வாசம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. டீசலும் ஈரச் சாக்கும், முந்திய முதலாளி விட்டுப்போன கிழங்கு மண்ணும், டேஷ்போர்டில் முருகன் படத்துக்குக் கொளுத்திய சாம்பிராணியும். விடியற்காலையில் ஹீட்டரை இரண்டு தரம் போடுவார். இடையில் ஒரு வெறும் தேத்தண்ணி, கையில் கொஞ்சம் சீனி. டீசல் பில்டரில் சேரும் தண்ணீரைத் திறந்துவிடுவது எங்கள் வேலை. காற்றுப் பிடித்துவிட்டால் பில்டர் மேலிருக்கும் கைப்பம்பைக் குமிழ் கெட்டியாகும் வரைக்கும் அமத்த வேண்டும். அதற்குப் பிள்ளைகளிடையே சண்டை. ஆயுத பூசையன்று கரும்பும் தோடம்பழமும் கட்டி, நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றும்போது லயமே ரோட்டுக்கு வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போவது நினைவிருக்கிறதா? போகும்போது லீக்ஸ், கரட், கோவா மூட்டைகளின் மேல் நாம். வரும்போது அரிசி, மா, கருவாடு, பெரியவர்கள். மட்டுக்கலைக்காரர்களும் ஹொலிரூட்காரர்களும் கைகாட்டினால் நிற்கும். காசு கேட்க மாட்டார். கொடுத்தால் டீசலுக்கென்று வாங்கிக்கொள்வார். 1999இல் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையம் திறந்த பிறகு மரக்கறியோடு அங்கேயும் போனார். நானுஓயாவிலிருந்து ராதெல்லக் குறுக்கு வழியில் இறங்கும்போது அவர் பேச மாட்டார். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சூட்டில் அது பிடிக்காமல் போகும் என்பது கொழுந்து லொறியில் படித்த பாடம். முன்னால் போகிற வண்டியின் பிரேக் கருகும் வாசம் வந்தாலே ஓரங்கட்டி நிறுத்திவிடுவார். டீசல் விலை ஏறிய காலங்களில் சில பேர் மண்ணெண்ணெய் கலந்து ஓடினார்கள். பெரியப்பா தொடவில்லை. டீசல் பம்புக்கு டீசல்தான் எண்ணெய், அதில் மண்ணெண்ணெயை விட்டால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசிச் சாகும் என்று கராஜ் பாசிடமே சண்டை பிடிப்பார்.

கல்யாணத்துக்குச் சீர்வரிசை போனது அதில். அக்கா மாப்பிள்ளை வீட்டுக்குப் போனதும் அதில்தான், நகை குறைவாகத்தான். மாசியில் காமன் கூத்துக்காரர்கள் வேஷத்தோடு பக்கத்துத் தோட்டத்துக்குப் போவார்கள், பின்னாலிருந்து பறையும் உடுக்கும் அதிரும். கொழும்பில் கடை வேலைக்குப் போன பிள்ளை பெட்டியில் வந்தபோதும் ஹட்டனிலிருந்து அதுதான் கொண்டு வந்தது. அன்றைக்கு ஹோர்ன் அடிக்காமல், முதலாம் கியரிலேயே ஏறி வந்தார். பிரசவத்துக்கு யாரும் அதற்குப் பிறகு துண்டுக்காக ஓடவில்லை. நேரே வந்து கதவைத் தட்டுவார்கள். தட்டும் சத்தத்திலேயே பெரியப்பா சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வருவார், சாவி அந்தப் பையிலேயே இருக்கும்.

இப்போது 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வருகிறது. நல்ல காரியம், எத்தனையோ உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. மேல் லயத்தில் வரிசையாக ஆட்டோக்கள் நிற்கின்றன. எல்லாம் லீசிங்கில் எடுத்தவை. மாதம் பிறந்தால் தவணை. பிள்ளைகள் முன்கூட்டியே கூலியைக் கேட்கிறார்கள், கேட்காமல் என்ன செய்வார்கள்? மேல் கொத்மலை அணை 2012இல் இயங்கத் தொடங்கியது. டவுனின் ஆற்றோரம் நாம் நடந்த இடங்களில் தண்ணீர் நிற்கிறது. ஆறு இப்போது சுரங்க வழியாகப் போகிறது, சென்கிளேயர் அருவிக்கு அளந்துதான் விடுகிறார்கள். ரோட்டை நன்றாகப் போட்டிருக்கிறார்கள். கோவில் முடக்கில் எந்த வண்டி ஏறினாலும் எனக்கு யாருடையது என்று தெரிவதில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். பழைய டீசல் கெப்புகளின் விலை தாறுமாறாக ஏறியது. யார் யாரோ தேடிக்கொண்டு வந்தார்கள். பெரியப்பாவுக்கு அப்போது கண்ணில் சத்திரசிகிச்சை, பிறகு நெஞ்சு வருத்தம். 2021இல் தம்புள்ளைக்காரர் ஒருவருக்குக் கொடுத்தார். வாங்க வந்தவர் விடியற்காலையில் வந்து பொனட்டைத் தொட்டுப் பார்த்தது அவருக்குப் பிடித்துப்போனது. அந்த ஆள் பேப்பரை ஓபனாகக் கேட்டார், பெரியப்பா முடியாது என்றார். பெயரை எழுதித்தான் கையெழுத்து வைத்தார்.

அடுத்த வருஷம் டீசல் லீட்டர் 460 ரூபாய்க்குப் போனது. ஷெட்டில் நாள்கணக்கில் கியூ, ஜூலையில் கியூ.ஆர். அட்டை. அந்தக் கியூ நீண்டு கிடந்த நாட்களில்தான் பெரியப்பா போய்ச் சேர்ந்தார். டவுனிலிருந்து ஆட்கள் நடந்தே வந்தார்கள். 2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். டவுனில் புது டபள் கெப்புகள் ஓடுகின்றன. இன்றைக்குத் தோட்ட வேலையிலிருந்து நிற்கும் ஒருவரின் ஈ.பி.எப். காசுக்கு அவற்றில் ஒன்றும் எட்டாது.

இதை எழுத உட்கார்ந்தபோது கெப்பின் படம் ஒன்றைத் தேடினேன். எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. ஆனால் உங்கள் அக்கா கல்யாணத்துக்கும் தங்கச்சி சடங்குக்கும் அது வந்து நின்றது. ஆல்பத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால், பந்தலுக்கு ஓரமாக, நீலமாக ஏதாவது தெரிகிறதா பாருங்கள். இருந்தால் எனக்கு ஒரு பிரதி எடுத்துத் தாருங்கள்.