கையேந்திய தண்ணீர்

ஆனித் தேரோட்டத்துக்குத் திருநெல்வேலி டவுனுக்குப் போனால், ரத வீதியில் பாசிமாலை பார்க்காமல் நான் திரும்பியதே இல்லை. போன வருஷம் மாலையும் ஊக்கும் வாங்கிக்கொண்டே, "குற்றாலக் குறவஞ்சியில வர்ற சிங்கி உங்க ஆளுதானே?" என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் படித்த மேதாவித்தனம்!

"இல்லக்கா. அவங்க வேற, நாங்க வேற. எங்களை நாங்க வாக்ரின்னு சொல்லிக்குவோம்" என்றாள் அந்தப் பெண். பக்கத்தில் அவள் தாயாரும் மகளும்.

இத்தனை வருஷமாக அவர்கள் பெயரையே தப்பாகத்தான் சொல்லியிருக்கிறேன். அவர்கள் பேசும் வாக்ரிபோலி, குஜராத்தி மொழிக்கு உறவாம். பல தலைமுறைக்கு முன்பு வடக்கேயிருந்து வந்தவர்கள். மாட்டுப் பொதியில் உப்பும் தானியமும் சுமந்து விற்ற பஞ்சாராக்களுக்கு ரயில் வந்ததும் பிழைப்புப் போயிற்று. இவர்களோ அந்த ரயிலிலேயே ஏறி ஊர் ஊராக மணி விற்கிறார்கள். நரி, காடை என்று வேட்டையாடி வந்தவர்களை 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுத்தது. அப்புறம் பாசியும் ஊசியுமே கதி.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் ஆச்சி, நான் சோறு தின்ன மறுத்தால், "குறத்திகிட்ட பிடிச்சுக் குடுத்துருவேன்" என்பாள். அவர்கள் தண்ணீர் கேட்டு வந்தால் செம்பைத் தர மாட்டாள், தூக்கிக் கையில் ஊற்றுவாள். தாமிரபரணி பாயும் ஊரில் தண்ணீருக்கு இந்தக் கணக்கு! ஆச்சியைச் சொல்வானேன்? என் மகனுக்கும் அதே பூச்சாண்டி காட்டித்தானே நான் சோறு ஊட்டினேன்.

இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கச் சொல்லி 1965-லேயே லோகூர் குழு பரிந்துரைத்தது. 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறி, 2023 ஜனவரியில் அமலுக்கு வந்தது. பேரன் பேத்தி எடுக்கும் அளவுக்குக் காலம் ஓடிவிட்டது.

"சர்ட்டிபிகேட் வாங்கியாச்சா?" என்றேன்.

"மூத்தவளுக்கு வந்துட்டுக்கா. ஒன்பதாவது படிக்கா. சின்னவளுக்கு எழுதிக் குடுத்திருக்கு."

வெயில் கொளுத்தியது. தாயார் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். பாட்டிலைத் திறந்தேன். நான் நீட்டுவதற்குள் அந்த அம்மாள் இரண்டு கையையும் குவித்து ஏந்திவிட்டார்! எனக்கு ஆச்சியின் செம்புதான் கண்ணில் நின்றது. ஊற்றவும் முடியாமல், கொடுக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

ஒன்பதாவது படிக்கும் பெண்தான் எட்டி என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, பாட்டியிடம் கொடுத்தாள்.