எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது?



உங்களில் சிலர் உயிர்த் தகவலியல் துறையில் இருக்கிறீர்கள். என் மகளும் அதே துறைதான். அவளிடம் கேட்டுக் கேட்டு நான் புரிந்துகொண்ட ஒன்றை எழுதுகிறேன்.

மனித டிஎன்ஏ தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். அவ்வளவையும் வேகமாகப் புரட்டும் கருவிகள் பல, சி மொழியில் எழுதப்பட்டவை. பிள்ளைகளுக்குக் கைவந்ததோ பைத்தான். இரண்டுக்கும் நடுவே ஓர் இடையாள் வேண்டும். 'பைசாம்' அப்படிப்பட்டது. பைத்தானில் கேட்பதை 'எச்டிஎஸ்லிப்' என்ற சி நிரல் தொகுப்பிடம் சொல்லி, விடையை வாங்கித் தரும்.

சிக்கல் எண்ணுவதில்தான். வருகைப் பதிவேட்டில் முதல் பிள்ளை 1. அளவுகோலிலோ தொடக்கம் 0. இரண்டும் சரியே. சாம்டூல்ஸ் கட்டளை பதிவேடு மாதிரி எண்ணும்: 101-200 என்று கேட்டால் 100 எழுத்து வரும். பைசாமில் தொடக்கம், முடிவு என இரண்டு எண்ணாகக் கொடுத்தால் அது அளவுகோல் மாதிரி. அதே 100 எழுத்துக்கு 100, 200 என்று கொடுக்க வேண்டும். பழக்கத்தில் 101, 200 என்று அடித்தால் முதல் எழுத்து விடுபட்டு 99 வரும். கணினி பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. அதுதான் ஆபத்து.

ஓர் எழுத்துதானே என்று விட்டுவிட முடியுமா? நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடமும் காணப்படும் அரிவாள் செல் சோகைக்குக் காரணமே ஓர் எழுத்துதான். ஹீமோகுளோபின் மரபணுவில் ஜிஏஜி என்பது ஜிடிஜி ஆகிவிடுகிறது. அதனால் மாறும் அமினோ அமிலத்தைப் பழைய நூல்கள் 6ஆவது என்கின்றன. இன்றைய முறையில் 7ஆவது. முதலில் வந்து பிறகு வெட்டப்படும் மெத்தியோனினைக் கணக்கில் சேர்ப்பதால் வந்த வேறுபாடு அது. இங்கேயும் எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது என்பதே கேள்வி.

என் மகள் கடைப்பிடிக்கும் வழி எளியது. புதுக் கருவி எதுவானாலும், முதலில் பத்தே எழுத்துள்ள ஒரு சிறு கோப்பைக் கொடுப்பாள். விடையை விரல்விட்டு எண்ணிச் சரிபார்த்த பிறகே பெரிய கோப்பைத் தொடுவாள். ஒன்றாம் வகுப்பில் மணிச்சட்டத்தில் நாம் செய்ததும் இதுதானே!

அந்த அறிக்கைக்காக எங்கோ ஒரு தாய் காத்திருப்பாள், பிள்ளைகளே. எண்ணிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இத்துறையில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள். நலமாக இருங்கள்.